சாம்பிராணி போன வழி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஃப்ரிட்ஜின் தலையில் துளசிமணி விரலால் எழுதி வைத்திருக்கிறாள்: ஆயுத பூஜை. காலையில் பால் எடுக்கப் போனபோது பார்த்தேன். எழுத்து அச்சடித்தாற்போல் தெளிவாக இருந்தது. தூசி அவ்வளவு நேர்த்தியாகப் படிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"என்ன இது?" என்றேன்.

"கெடு வெச்சிருக்கறனுங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒண்ணு இந்தத் தூசி போகோணும், இல்லாட்டி உங்க மெஷினுக போகோணும். எது போனாலும் எனக்குச் சரி."

முப்பது வருஷமாக இந்த மனுஷியோடு குடித்தனம் நடத்துகிறேன். அவள் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. சத்தம் போடாமல் எழுதி வைத்தால் பயப்பட வேண்டும்.

விஷயம் இதுதான். மில்லில் பிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. முதல் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டி, கார் வாங்காமலே விட்ட ஷெட்டில் ஒரு ரம்ப மேசை, ஒரு இழைப்பு மெஷின், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு சாண்டர் என்று போட்டுக்கொண்டேன். தேக்கில் அஞ்சறைப் பெட்டி செய்கிறேன். சிங்காநல்லூரில் என் பெட்டிக்குப் பெயர் இருக்கிறது. இப்போது ஒரு கல்யாண வீட்டுக்கு அறுபது பெட்டி ஆர்டர். ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம், தாம்பூலத்தோடு கொடுக்கப் போகிறார்களாம். ஷெட்டின் உள்சுவர்தான் எங்கள் சமையலறைச் சுவர். அதில் ஒரு ஜன்னல். அந்த வழியாகத் தூள் வீட்டுக்குள் வருகிறதாம்.

தூசி எனக்குப் புதிதா? பஞ்சுப் பொதியை உடைத்து உதறும் புளோ ரூமில் முப்பத்தொரு வருஷம் நின்றவன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய தூசி இறங்கிவிடும் என்பது மில்லுக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. இப்போதும் ஷெட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வெல்லம் வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது மாஸ்க், முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம். இன்றுவரை எனக்கு ஒரு இருமல் கிடையாது.

துளசிமணிக்குச் சுத்தப் பைத்தியம். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காந்திபுரத்தில் மெஷின் கடைக்குப் போனேன். ஸ்டீபன் என்று ஒரு பையன், முப்பது வயதிருக்கும். தூசி உறிஞ்சும் மெஷின் என்று கேட்டதும் மூன்று வகை காட்டினான்.

ஒன்று, டிரம் மேல் மோட்டார் உட்கார்ந்த வாக்குவம். சாண்டருக்கு மட்டும் போதும், இழைப்பு மெஷின் துப்பும் சீவலுக்கு அது தாங்காது. இரண்டு, பெரிய விசிறியும் மேலும் கீழும் துணிப் பையுமாக ஒன்று. மூன்றாவதுக்குப் பெயர் சைக்ளோன். கூம்பு மாதிரி தகரம், கீழே டிரம். காற்று உள்ளே சுழலும்போது கனமான தூள் டிரம்மில் விழுந்துவிடும். மெல்லிய தூளை மடிப்பு மடிப்பான ஒரு ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஆள் உயரம் இருக்கிறது.

"வீட்டோட ஒட்டின பட்டறைன்னா சைக்ளோனே எடுத்துக்கங்ணா. இந்தத் துணிப் பை முப்பது மைக்ரானுக்குப் பெரிசத்தான் புடிக்கும். மெல்லிசு தூசியெல்லாம் வெளிய வந்துரும்."

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே நான் துணியில தூசி புடிச்சுட்டு இருக்கறவன். மில்லுல ஒரு ஹால் பஞ்சையே துணிப் பை புடிக்கும். மரத்தூள் எம்மாத்திரம்?"

"அது பஞ்சுங்ணா..."

"ஆமா, பஞ்சு. மரத்த விட மெல்லிசு."

அவன் பில் புத்தகத்தை எடுத்தான். துணிப் பை மெஷினையே எடுத்து வந்தேன். விற்பவன் எப்போதும் பெரியதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். துளசிமணிக்கும் இன்று தூசியிலிருந்து சுதந்திரம் வாங்கிக் கொடுத்தேன்.

பிளக் பாயின்ட் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது. மெஷினை அந்த ஜன்னலுக்குக் கீழேயே நிறுத்தினேன். சுவிட்ச் போட்டதும் பை ஆடி அசைந்து நிமிர்ந்து நின்றது. இரண்டு மணி நேரம் இழைத்தேன். தரையில் ஒரு சீவல் இல்லை. கீழ்ப் பையை அவிழ்த்தால் அரை மூட்டை தூள். சின்னராசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மில்லில் அவன் காற்றுக் குழாய்ப் பிரிவில் இருந்தவன். இருபது வருஷம் ஒரே டீயைப் பாதி பாதி குடித்திருக்கிறோம். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா நாச்சிமுத்து, இத்தனையும் உன்ற வீட்டுக்குள்ளயா போயிட்டிருந்துச்சு?" என்றான்.

துளசிமணி எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க," என்றாள். சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பழக்க தோஷம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதினாலு பெட்டி தேய்த்து முடித்தேன். பை நிறைந்தது. வெல்லம் பாதிதான் இருக்கிறது. நான் அவ்வளவு தின்னவில்லை. சின்னராசு வந்து போன நாளிலெல்லாம் குறைகிறது என்று நினைக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரன், வெட்கப்பட்டு எடுத்துத் தின்கிறான் போல.

ஆகஸ்ட் 22, வியாழன்

சமையலறை ஜன்னலைத் துளசிமணி சாத்தியே வைத்திருக்கிறாள். உள்ளே போனால் கொதிக்கிறது. ஏன் சாத்துகிறாய் என்றால், "பூனை வருதுங்க" என்கிறாள். எங்கள் வீதியில் பூனை இருப்பது எனக்குத் தெரியாது. சாத்தினாலும் அந்த ஜன்னல் ஒழுங்காக மூடாது. கட்டை வளைந்து ஒரு விரற்கடை இடுக்கு இருக்கிறது. தச்சு வேலை செய்கிறவன் வீட்டு ஜன்னல். அறுபது பெட்டி முடிந்ததும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இருபத்தாறு பெட்டி.

துளசிமணி மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவள், பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முட்டி வலியாம். தைலம் வாங்கி வந்தேன். தேய்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். சீல் இன்னும் உடைக்கவில்லை.

மாவாட்டும்போது பாடுவாள். கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கல்யாணமான புதிதில் மில் ஷிப்ட் முடிந்து வந்தவனைத் தூங்க விடமாட்டாள் அந்தப் பாட்டால். இப்போதெல்லாம் கிரைண்டர் மட்டும்தான் கேட்கிறது. வயசாகிறது இல்லையா. நல்லதுதான், ஷெட்டில் அளவு தப்பாமல் கவனமாக வேலை செய்ய முடிகிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதை எழுதாமல் இருக்கலாம். ஆனால் மில்லில் ஷிப்ட் புத்தகத்தில் பழுதை மறைத்து எழுதியவன் நான் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துளசிமணி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். "புது மெஷினுக்கும் காட்டு" என்று நான்தான் கூப்பிட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூபக்காலோடு வந்து சாண்டர் பக்கத்தில் காட்டினாள். புகையைக் குழாய் சட்டென்று இழுத்துக்கொண்டது. ஒரு இழை வெளியே சிதறவில்லை. "பார்த்தியா, எப்படி இழுக்குது!" என்றேன்.

அந்த நேரத்துக்கு மேற்குச் சுவரின் ஓட்டை வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழும். அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். குழாய்க்குள் போன சாம்பிராணி, மேல் பையின் துணியெல்லாம் கசிந்து நீலமாக வெளியே வந்துகொண்டிருந்தது. போனது அப்படியே வந்தது. வந்த புகை எங்கும் நிற்காமல் மெதுவாக நகர்ந்து ஜன்னலுக்கு ஏறி, அந்த விரற்கடை இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தது.

புகை போகிற துணியில் மெல்லிய தூசி நிற்குமா? முப்பத்தொரு வருஷம் பிட்டர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தூபக்கால் தேவைப்பட்டிருக்கிறது. பஞ்சு நீளமான இழை, துணியில் சிக்கும். தேக்கைத் தேய்த்த தூள் மாவை விட மெல்லிசு, சிக்காது. கண்ணுக்குத் தெரிந்த சீவலை மூட்டை கட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை வடிகட்டி வடிகட்டி அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாளாக, பக்கத்திலேயே நிறுத்தி.

திரும்பி அவளிடம் சொல்லப் போனேன். அவள் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. தூபக்காலைத் தரையில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, அலமாரியின் இரண்டாம் தட்டில் பசை டின்னுக்குப் பின்னால் இருந்த வெல்ல டப்பாவை எடுத்துத் திறந்து ஒரு கட்டியை வாயில் போட்டாள். டப்பா இருக்கும் இடம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"துளசி... எத்தனை நாளா?"

மூச்சு வாங்க நேரமானது. "நீங்கதானுங்க சொல்லுவீங்க. வெல்லந் தின்னா தூசி எறங்கிரும்னு."

நான் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அவள் மாஸ்க் இல்லாமல் சமைத்தாள்.

ஆகஸ்ட் 31, சனி

ஷெட் திறக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

டாக்டர் ஜரீனாவிடம் போனோம். ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஊதச் சொன்னார். உள்ளே ஒரு முள் எகிறி நின்றது. நூற்றெண்பது. இவள் உயரத்துக்கும் வயசுக்கும் முந்நூற்று ஐம்பது பக்கம் இருக்க வேண்டுமாம்.

"வீட்ல ஏதாவது தூசி வேலை நடக்குதாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வீடு கூட்டுனா வர்ற தூசிதான்."

இவள் என்னைக் காப்பாற்றுகிறாள். அந்த மூச்சை வைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறாள்.

"நான்தான் டாக்டர்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லத்தையும் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெல்லம் போறது வயித்துக்கு. தூசி போறது நெஞ்சுக்கு. ரெண்டும் வேற வழி ஐயா. நீங்க கூட்டி அள்ற தூளால ஆபத்து கம்மி. கண்ணுக்குத் தெரியாததுதான் உள்ள போய் உட்காரும். இன்ஹேலர் தர்றேன். இந்தக் கட்டத்துல முழுசா சரி பண்ணிரலாம். ஆனா அந்தத் தூசி அம்மா பக்கமே வரக்கூடாது. முடியலைன்னா பட்டறையை வீட்டை விட்டு எடுத்துருங்க. சாம்பிராணியும் அம்மா போட வேண்டாம்."

ஊதும் குழாயை வீட்டுக்கே வாங்கி வந்தோம். தினமும் காலையில் ஊதி எழுத வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை: 185. சின்னராசுவிடம் மெஷின்களை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலை: 200.

பல்லடத்திலிருந்து ஒருவர் மெஷின் பார்க்க வந்தார். ரம்ப மேசையைத் தட்டிப் பார்த்து, திருப்திதான், நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்றார். நான் தலையாட்டினேன். காபி கொண்டுவந்த துளசிமணி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "குடிச்சுட்டுப் போங்க. மெஷின் குடுக்கறதா இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவர் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

"உனக்குப் பைத்தியமா? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது. முடியலைன்னா எடுக்கச் சொன்னாங்க. முடியலைன்னு ஆர் சொன்னது? நான் வெச்ச கெடு ஆயுத பூஜை. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குது."

"துளசி, உன்ற மூச்சை விடவா எனக்கு..."

"அந்த எட்டு மாசம் நீங்க பேன பாத்துட்டே உக்கோந்திருந்தீங்களே. அப்ப எனக்கு மூச்சு நல்லாத்தான் இருந்துது. ஆனா விட முடியலைங்க. அதுக்கு இந்த இருமலே தேவல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே குரல் மாறிவிட்டது. "முப்பது வருசம் ஊர் மில்லுல தூசிய அடக்குனீங்க. சொந்த வீட்டுத் தூசிய அடக்கத் தெரியாட்டி நீங்க என்ன பிட்டருங்க?"

என் வாழ்க்கையில் எந்தச் சூப்பர்வைசரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

காந்திபுரம். ஸ்டீபன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"என்னங்ணா, துணி கிழிஞ்சுருச்சா?"

"துணி கிழியல தம்பி. எனக்குத்தான் வாய் நீளம். அன்னைக்கு நீ சொல்ல வந்தத இப்ப முழுசாச் சொல்லு. நான் குறுக்க பேசமாட்டேன்."

ஒரு மணி நேரம் சொன்னான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. துளசிமணி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை: 215.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நானும் சின்னராசுவும் படம் போட்டோம். அவன் முதலில் ஒரு சுலப வழி சொன்னான்: ஃபில்டரே வேண்டாம், சைக்ளோனிலிருந்து வரும் காற்றைக் கிழக்குச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே தள்ளிவிடலாம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் மேல்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

"ஐப்பசில காத்து திரும்புமே," என்றேன். "அப்ப அது அத்தனையும் நம்ம வீட்டுக்குள்ளயே வரும்."

"ஆமால்ல."

"அதுவரைக்கும் மட்டும் கிழக்கு வீட்டம்மா சேலையில கொட்டறதா?"

"அதுவும் ஆமா."

ஆகவே முடிவு: சைக்ளோனும் வேண்டும், மடிப்பு ஃபில்டரும் வேண்டும். அதுவும் ஷெட்டுக்குள் கூடாது. வெளியே, மேற்கு மூலையில், சமையலறையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, தனியாக ஒரு தகரக் கூடு. குழாய் மட்டும் ஷெட்டுக்குள் வரும். வளைவுகளில் சின்னராசு கறாராக இருந்தான். "ஒரே மடிப்புல எல்போ போட்டீன்னா காத்து முட்டிக்கும். பாதி வளைவு ரெண்டு போடு. மில்லுல இதுக்கே நான் மெமோ வாங்கிருக்கறேன்."

துணிப் பை மெஷினை ஸ்டீபனே திரும்ப எடுத்துக்கொள்கிறான். தங்கமான பையன்.

ஜன்னலை இன்று முதல் வேலையாகச் சரி செய்தேன். புதுக் கட்டை, ரப்பர் விளிம்பு. ஊதினாலும் காற்று போகாது. இதைச் செய்ய எனக்கு அரை நாள்தான் ஆனது. இந்த அரை நாளை ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

காலை: 235. தகரக் கூட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று.

செப்டம்பர் 21, சனி

காலை: 255. சைக்ளோன் வந்து இறங்கியது. துளசிமணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இட்லிக் குண்டானைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குதுங்க," என்றாள். மாடிப் படியில் இப்போது பாதியில் உட்காருவதில்லை. ஒருமுறை நிற்கிறாள்.

செப்டம்பர் 25, புதன்

சோதனை. துளசிமணியைக் காலையிலேயே அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு சின்னராசு தூபக்காலை எடுத்தான். அவன் சாம்பிராணி போட்டு நான் பார்த்ததே இல்லை. ஏதோ கோயில் பூசாரி மாதிரி ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி வந்தான். நான் டார்ச்சோடு பின்னால்.

சாண்டர்: முழுசாக இழுத்தது. இழைப்பு மெஷின்: இழுத்தது. ரம்ப மேசை: பாதிப் புகை குழாய்க்கு, பாதி என் மூஞ்சிக்கு. மேசைக்குப் போகும் மடக்குக் குழாய் தேவைக்கு மேல் நீளம், வழியிலேயே இழுப்பு செத்துவிடுகிறது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் டிரம் மூடியைச் சுற்றியும் மெல்லிசாகக் கசிவு.

ஃபெயில். சின்னராசு வருத்தப்பட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்ப மாட்டான். போன தடவை புகை காட்டியபோது அவள் இருமினாள். இந்தத் தடவை வீட்டில் யாரும் இல்லை, பழுது என் கண்ணெதிரே இருக்கிறது, திருத்த நேரமும் இருக்கிறது. ஒரு பிட்டருக்கு இதை விட என்ன வேண்டும்?

செப்டம்பர் 28, சனி

காலை: 270. மடக்குக் குழாயை வெட்டிக் கைநீளம் ஆக்கினேன். டிரம் மூடிக்குப் பழைய சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டினேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தகடு ஷட்டர். ஓடுவதைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும், இழுப்பு முழுக்க ஒரே இடத்துக்குப் போகும். துளசிமணி தங்கை வீட்டுக்குப் போனதும் மறுபடி சாம்பிராணி. சின்னராசு மூன்று சுற்று வந்தான். நான் சமையலறைக்குள் டார்ச்சோடு முழங்காலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நூல் கூட வரவில்லை. வாசனை கூட வரவில்லை.

நானும் அவனும் ஷெட்டில் நின்று கைகொடுத்துக்கொண்டோம். மூக்கெல்லாம் கரி. இருவருக்கும் சேர்த்து வயசு நூற்றிருபது.

அக்டோபர் 2, புதன்

காலை: 280. நாளை ஷெட் திறக்கிறேன். புகை வேறு, மூச்சு வேறு. இதுவரை ஏறிய எண்ணெல்லாம் பட்டறை மூடிக் கிடந்ததால் ஏறியது. உண்மையான பரீட்சை நாளைதான். எண் பத்து இறங்கினாலும் பல்லடத்துக்காரருக்கு நானே போன் போடுவேன். துளசிமணியிடம் சொல்லவில்லை. நம்பரை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

பூஜை போட்டுக் கொலு வைக்கிற நாளில் சுவிட்ச் போட்டேன். நாள் முழுக்க சாண்டர் வேலை மட்டும். இருக்கிற வேலையிலேயே மோசமான தூசி அதுதான். வேண்டுமென்றே. ஒன்பது பெட்டி தேய்த்தேன். சமையலறை மேடையில் கறுப்புக் குடையை விரித்து வைத்திருந்தேன். தூசி விழுந்தால் தெரிய வேண்டும்.

"சமையல் ரூமுல மழை வருமுங்களா?" என்று கேட்டுவிட்டு, குடையைச் சுற்றிச் சுற்றி வந்து சமைத்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி

அவள் குழாயை வாயில் வைத்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"என்னங்க, பாக்கலையா?"

"நீயே படி."

ஊதும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் சட்டைப் பையில் பல்லடத்துக்காரர் நம்பர் எழுதிய சீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"எரநூத்தித் தொண்ணூத்தி அஞ்சு."

"சரியாப் பாரு."

"எனக்கு எண்ணப் படிக்கத் தெரியாதாக்கும்!"

கறுப்புக் குடையில் விரலால் இழுத்துப் பார்த்தேன். கோடு விழவில்லை. சீட்டைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன். "என்னது அது?" என்றாள். "பழைய நம்பர்," என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

காலை: 310. பெட்டி: ஐம்பத்திரண்டு.

அக்டோபர் 9, புதன்

காலை: 315. அறுபதும் முடிந்தது! கல்யாண வீட்டுக்காரர் வந்து ஒன்றைத் திறந்து, கிண்ணங்களை எடுத்துப் பார்த்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். "கொஞ்சங்கூடத் தூள் இல்லைங்களே," என்றார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியாது.

டாக்டரிடமும் போய் வந்தோம். இன்ஹேலரைக் குறைத்திருக்கிறார். "பட்டறையை எங்க மாத்துனீங்க?" என்றார். "மாத்தலைங்க. தூசியத்தான் மாத்துனாரு," என்றாள் துளசிமணி. என்னைவிட அவளுக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலை: 335.

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். போன வருஷம் இந்த நாளில் ஷெட்டைக் கூட்டி மூன்று சாக்குத் தூள் அள்ளினோம். இந்த வருஷம் துளசிமணி துடைப்பத்தோடு வந்து, பார்த்துவிட்டு, துடைப்பத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். சாம்பிராணியை சின்னராசு போட்டான், சைக்ளோன் ஓட ஓட. அவள் சமையலறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

கச்சாயத்துக்கு வெல்லம் வேண்டும் என்று ஷெட் டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் இருந்தபடியே இருந்தது. இறுகிக் கல்லாகிவிட்டது. உளியும் சுத்தியலும் வைத்து உடைத்துக் கொடுத்தேன். அத்தனையும் பாகில் போட்டுவிட்டாள். டப்பா காலி.

மாவு பிசைந்துகொண்டே பாட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு வழக்கமான குரலில். அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் நீளமாக இழுக்க வேண்டும். அங்கே வந்ததும் நான் ஷெட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு நின்றேன். சின்னராசு ஏதோ கேட்க வாயெடுத்தான், கையைக் காட்டினேன். இழுத்தாள். விடாமல் இழுத்தாள். முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் அழுதேன். சாம்பிராணிப் புகை என்று சின்னராசுவிடம் சொன்னேன். "இந்த ஷெட்டுலயா?" என்றான்.

பூஜை முடிந்ததும் ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். அதன் தலையில் விரலை வைத்து ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தூசி இருந்தால்தானே எழுத்து விழும்.

"கெடு முடிஞ்சுதா?" என்றேன்.

"அது முடிஞ்சுது."

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்கு நடந்தாள். மூச்சு வாங்காமல், சேலைத் தலைப்பு மூக்கில் இல்லாமல். சைக்ளோன் டிரம்மில் சந்தனம் தொட்ட விரலால் பெரிதாக எழுதினாள்: தீபாவளி.

"இது என்ன புதுக் கெடு?"

"அறுபது வீட்டுக்கு அஞ்சறைப் பெட்டி செஞ்சீங்களே. நம்ம வீட்டுல சீரகமும் கடுகும் இன்னும் பழைய பாட்டலுல கெடக்குது. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை. மீதியிருந்ததில் நல்ல தேக்குப் பலகையாக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அவள் ஊதி முடித்ததும் வேலையைத் தொடங்குவேன்.